வெட்பாலை எண்ணெய்: அடுப்பில் ஏற்றாமல் வெயிலில் வைத்து எடுப்பது

மூலிகை எண்ணெய் என்றாலே சட்டியை அடுப்பில் வைத்து இலையைப் போட்டுப் பொரித்தெடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கரிசலாங்கண்ணிக்கும் நொச்சிக்கும் அது சரி. வெட்பாலைக்கு அது சரிப்படாது. தோல் செதில் உதிர்வதற்கும் பொடுகுக்கும் சித்த மருத்துவத்தில் பரவலாகக் கொடுக்கப்படும் வெட்பாலைத் தைலம் தீயே படாமல், வெயிலில் மட்டுமே எடுக்கப்படுவது. சென்னையில் சித்த ஆராய்ச்சியாளர்கள் காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்) நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ‘777 எண்ணெய்’ என்பதும் வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுத்ததே.

காரணம் இலைக்குள் இருக்கிறது. அவுரியில் இருப்பதைப் போலவே வெட்பாலை இலையிலும் நீலச் சாயத்தின் மூலப்பொருள் நிறமில்லாமல் ஒளிந்திருக்கிறது. இலை கிழிபடும்போது அதிலுள்ள நொதி அந்த மூலப்பொருளை உடைக்கிறது. பிறகு காற்றுப்பட்டு இண்டிகோ, இண்டிருபின் போன்ற நீல, சிவப்பு நிறமிகள் உருவாகின்றன. எண்ணெய் ஊதாவாக மாறுவது இதனால்தான். கொதிக்கிற எண்ணெயில் பச்சை இலையைப் போட்டால் நொதி அப்போதே செத்துவிடும். நிறமி உருவாக வழியில்லாமல் பச்சை கலந்த பழுப்பு எண்ணெய்தான் மிஞ்சும்.

முதலில் மரத்தைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வெட்பாலையையும் குடசப்பாலையையும் குழப்பிக்கொள்வது சர்வ சாதாரணம். இரண்டிலும் பால் வரும், இரண்டிலும் வெள்ளைப் பூ. காயைப் பாருங்கள். வெட்பாலையில் மெல்லிய நீளக் காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கும், நுனிகள் ஒட்டியிருக்கும், முற்றிய பிறகே பிரியும். குடசப்பாலையில் ஜோடிக் காய்களின் நுனி ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். காய் இல்லாத பருவமென்றால் ஓர் இலையைக் கசக்கி, சில துளி தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு நாள் வெயிலில் வைத்தால் போதும்; ஊதாச் சாயல் தெரியாவிட்டால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் கடையும் வெள்ளை மரம் இந்த வெட்பாலைதான்.

அளவுக்கு வருவோம். 250 கிராம் பச்சை இலைக்கு 500 மில்லி தேங்காய் எண்ணெய். ஒன்றரை லிட்டர் கொள்ளும் அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், வெயிலில் பல நாள் எண்ணெயோடு இருக்கப்போகிறது. செக்கு எண்ணெய் நல்லதுதான்; ஆனால் அன்றைக்கே ஆட்டியதை ஊற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, அடி வண்டலை ஒதுக்கி மேல் எண்ணெயை மட்டும் எடுங்கள். தேங்காய்ப்பால் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஈரம் தங்கியிருக்கும், இந்த வேலைக்கு அது சரிவராது.

இலையைக் காலையில் பனி காய்ந்த பிறகு பறியுங்கள். இளம் இலையும் நடுத்தர இலையும் போதும், பழுப்பேறியதை ஒதுக்கிவிடுங்கள். கழுவாமல் ஈரத்துணியால் துடைப்பது உத்தமம். தூசி அதிகமென்று கழுவினால், மின்விசிறிக்கு அடியில் துணியில் பரப்பி மேல் ஈரம் முழுக்கப் போனதும் எடுங்கள். அதற்காக வாடிச் சுருங்கும்வரை காயவைத்துவிடக் கூடாது. காய்ந்த இலை நிறம் கொடுக்காது. இரும்பு படக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கையால் கிள்ளினால் அந்தக் கேள்வியே எழாது, இலையும் நன்றாக நசுங்கும். ஓர் அங்குலத் துண்டுகளாகக் கிள்ளிக் கிள்ளி நேராக எண்ணெயிலேயே போடுங்கள்.

கடைசித் துண்டுவரை எண்ணெயில் முங்கியிருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் இலையில்தான் முதல் பூஞ்சை வரும். முங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள். ஜாடியை மூடி போட்டு இறுக்காதீர்கள். இலையின் ஈரம் ஆவியாகி மூடியில் முத்துமுத்தாகக் கோத்து மறுபடி எண்ணெயிலேயே விழும். மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினால் ஈரம் வெளியே போகும், நிறமிக்கு வேண்டிய காற்றும் உள்ளே வரும்.

மொட்டைமாடியில் நல்ல வெயில் படும் இடத்தில் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை வையுங்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் போச்சு. தினம் ஒருமுறை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறிவிடுங்கள். பெரும்பாலும் முதல் நாளே கிழிந்த ஓரங்களில் நீலம் தெரியும். இரண்டாம் நாள் எண்ணெய் இளஞ்சிவப்பாகத் திரும்பும். ஐந்தாம் நாள் ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நாவல்பழச் சாறுபோல அடர் ஊதா. ஏழு நாள் போதும். அதற்கு மேல் வைத்தால் இலை கரைந்து வண்டல்தான் கூடும். பங்குனி முதல் ஆனி வரை இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கவே தொடங்காதீர்கள். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்துபோகும்.

வடிகட்டும்போது இலையைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் கிடைப்பது எண்ணெயோடு சேர்ந்த இலைத்தண்ணீர்தான். வடிதுணியில் கட்டித் தொங்கவிட்டு இரவு முழுக்கச் சொட்டவிடுங்கள். பிறகு இரண்டு நாள் அசையாமல் வைத்தால் தண்ணீரும் வண்டலும் அடியில் இறங்கிவிடும். மேலாக மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள். சந்தேகமிருந்தால் சூடான கரண்டியில் ஒரு சொட்டு விடுங்கள். ‘சொர்’ரென்று தெறித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பாட்டிலை வாய் திறந்து, துணி கட்டி இன்னும் ஒரு நாள் வெயிலில் வைத்தால் சரியாகும். புளித்த வாடையோ வெள்ளைப் படலமோ வந்துவிட்டால் அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். சரியாக வந்ததை நிறக்கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

பூசுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் உங்களுக்கு ஆகாது. செதில் உதிரும் இடத்தில் குளிப்பதற்கு அரை மணி முன்பு மெல்லிசாகப் பூசினால் போதும். வெடித்து நீர் கசியும் இடத்தில் பூசாதீர்கள். துணியில் ஊதாக் கறை ஏறும், பழைய துண்டையும் தலையணை உறையையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். காளாஞ்சகப்படையை இது அடியோடு தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செதில் இளகும், அரிப்பு தணியும்; அது வந்து வந்து போகும் நோய். மூட்டு வலியும் சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பொடுகுக்கு எண்ணெயை இரவெல்லாம் ஊறவைப்பது தவறு. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் உணவு. அரை மணியில் அலசிவிடுங்கள்.

அடுப்பில் ஏற்ற வேண்டியவற்றில் கரிசலாங்கண்ணியை மட்டும் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் கணக்கு ஏறக்குறைய அதுதான். வெள்ளைப்பூக் கரிசாலையைத் தண்ணீர் தெளித்து அரைத்துப் பிழிந்த சாறு 500 மில்லி, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ 500 மில்லி. பாத்திரம் குறைந்தது மூன்று லிட்டர் கொள்ள வேண்டும். நுரை பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும். சாறு சேர்ந்த எண்ணெயில் தண்ணீர் இருக்கும்வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது, சடசடப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென ஏறும். கருகுவது எப்போதும் இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். ஆகவே சடசடப்பு குறையத் தொடங்கியதும் தீயை மிகச் சிறிதாக்கிவிட்டு, அடுப்பை விட்டு நகராதீர்கள். வண்டலைக் கொஞ்சம் கரண்டியில் எடுத்து, ஆறவிட்டு விரலில் உருட்டுங்கள். சேறுபோல ஒட்டினால் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் மெழுகாகத் திரண்டால் மெழுகுப் பதம், பொலபொலவென உதிர்ந்தால் மணற்பதம். தலைக்கு மெழுகுப் பதம் தாண்டியதுமே இறக்கிவிடுவது நல்லது. சட்டியின் சூட்டிலேயே அது இன்னும் கொஞ்சம் முற்றும். அந்தச் சூட்டை மறந்துவிட்டு மணற்பதம் வரை அடுப்பில் வைத்தால், வடிகட்டுவதற்குள் கருகல் வாடை ஏறிவிடும்.

எந்த எண்ணெயானாலும் கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் விடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். கற்பூரம் கரைத்த எண்ணெயும் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது, வலிப்பு வரலாம். தீக்காயத்தில் எந்தத் தைலத்தையும் தடவாதீர்கள், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.