பெரிய பெயர், போர்வை இல்லை

போன மாதம் எங்கள் பழைய பேண்டின் டிரம்மர் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். மகளின் பிறந்தநாள் வீடியோவுக்குப் பின்னணியாக எங்கள் பாட்டைப் போட்டு இணையத்தில் ஏற்றியிருக்கிறார். நாங்களே எழுதி, நாங்களே மெட்டமைத்து, நாங்களே வாசித்த பாட்டு. அரை மணி நேரத்தில், ‘இந்த ஒலிப்பதிவின் உரிமை வேறொருவருடையது’ என்று அறிவிப்பு. கீழே ஒரு நிறுவனத்தின் பெயர். எங்கள் ஐந்து பேரில் ஒருவருமே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

காரணம் தெரியும். 2006இல் சிங்கப்பூர் யீஷூன் வட்டாரக் காப்பிக்கடை ஒன்றில், தே தாரிக் கறை காயாத மேசையில், ஒரு கையெழுத்துப் போட்டோம். “ஸ்டுடியோ செலவு எல்லாம் நம்மது தம்பி, நீங்க வந்து வாசிச்சா போதும்” என்றார் வந்தவர். நான்கு பக்கம் ஆங்கிலம். ஒருவரும் படிக்கவில்லை. பாடகன் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கையெழுத்திட்டான். ஆளுக்கு 100 வெள்ளி, 20 சிடி. அதில் 11 இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அந்தக் கம்பெனியும் சில வருடத்தில் மூடிவிட்டது. எங்கள் பாட்டு மட்டும் கை மாறி மாறி எங்கோ போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம்தான் ஞாபகம் வந்தது.

2017இல் வேலை விஷயமாக நான்கு மாதம் அங்கே இருந்தேன். எரிவாயு ஆலையில் வால்வு சரிபார்க்கும் வேலை. சிங்கப்பூரிலிருந்து நாலரை மணி நேரப் பயணம்தான், ஆனால் இறங்கியதும் வேறு உலகம். ஜூலை 25ஆம் தேதி ஒரு பாடகர் இறந்துவிட்டார் என்று வானொலியில் செய்தி. ‘டாக்டர் ஜி. யுனுபிங்கு’ என்று மட்டும் சொன்னார்கள். ஏன் முழுப் பெயரைச் சொல்லவில்லை என்று ஸ்டோரில் வேலை பார்த்த பூர்வகுடிப் பெரியவரிடம் கேட்டேன். இறந்தவர் பெயரை உடனே சொல்வது எங்கள் வழக்கம் இல்லை என்றார். என் பாட்டி கடைசிவரை தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை, ஆதார் அட்டைக்கு விவரம் கேட்டவரிடம்கூட என்னைக் காட்டி “இவன் சொல்வான்” என்றார். அதனால் அந்தப் பதில் எனக்குப் புதிதாக இல்லை.

பின்னாளில் குடும்பத்தார் அனுமதித்ததால் இப்போது அவர் பெயரைச் சொல்லலாம். குருமுல். எல்கோ தீவுக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லை. இடது கைக்காரர் என்பதால் வலது கைக்காரர்களின் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். பேஸ் கிட்டார் வாசிக்கும் எனக்கு அதை யோசித்தாலே விரல் பிசகும். 2008இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் பெரும்பாலும் அவருடைய யோல்ஙு மக்களின் மொழிகள்தான். வெளியிட்டது சிட்னியிலோ லண்டனிலோ இருந்த பெரிய கம்பெனி அல்ல, டார்வினிலேயே இருந்த ஸ்கின்னிஃபிஷ் என்ற சின்ன நிறுவனம். அதைத் தொடங்கிய இருவருமே வெள்ளைக்காரர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பேட்டிக்கு உட்கார மாட்டேன் என்று அவர் மௌனமாக இருந்தபோது யாரும் அவரை வற்புறுத்தவில்லை. உடன் பேஸ் வாசித்த மைக்கேல் ஹோனன்தான் பேசினார். குருமுல் இறந்த மறு வருடம் வெளிவந்த அவருடைய ஆல்பம் ஆஸ்திரேலியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பூர்வகுடி மொழி ஆல்பம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

அந்தப் பெரியவர்தான் எனக்குப் பழைய கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மதிய வெயிலில் கண்டெய்னர் நிழலில் உட்கார்ந்து பேசுவோம். அவர் சொன்னதில் மறக்கவே முடியாதது விக் சிம்ஸ் கதை. 1973இல் பாத்தர்ஸ்ட் சிறையில் கைதியாக இருந்தவர். ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் கருவிகளோடு சிறைக்குள்ளேயே போய், சுமார் ஒரு மணி நேரத்தில் ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டு திரும்பியது. கைதி பேரம் பேசுவாரா? காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த நாங்களே பேசவில்லை.

அப்புறம் வாரம்பி பேண்ட். பாப்புன்யா என்ற பாலைவன ஊரில் உருவான குழு. 1983இல் லூரிச்சா மொழியில் அவர்கள் வெளியிட்டதுதான் பூர்வகுடி மொழியில் வந்த முதல் ராக் சிங்கிள். இரண்டு வருடம் கழித்து வந்த ஆல்பத்துக்கு ‘பிக் நேம், நோ பிளாங்கெட்ஸ்’ என்று பெயர். பெரிய பெயர், போர்வை இல்லை. ஊரெல்லாம் தெரிகிறது, ராத்திரி குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. இசைத்துறை ஒப்பந்தங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லியிருக்கிறார்களா தெரியவில்லை.

இதற்கெல்லாம் அவர்கள் கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. 1980இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ‘காமா’ என்று ஓர் அமைப்பு. ஃப்ரெடா க்ளின் என்ற பூர்வகுடிப் பெண்மணியும் இன்னும் இருவரும் தொடங்கியது. முதலில் கேசட். பாட்டு, கதை, சேதி எல்லாவற்றையும் பதிந்து ஊர் ஊராக அனுப்பினார்கள். பிறகு சொந்த வானொலி, சொந்த ரெக்கார்டிங். எங்கள் பாட்டைப் போடுங்கள் என்று அடுத்தவரிடம் போய் நிற்காமல், பதியும் மெஷினையும் ஒலிபரப்பும் மெஷினையும் முதலில் கைக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? நல்ல பாட்டு ஒன்று போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்தோம். கல்யாண விருந்தில் சொந்தப் பாட்டை எடுத்தாலே கூட்டம் பிரியாணி வரிசைக்குப் போய்விடும், சினிமாப் பாட்டுக்குத்தான் திரும்பி வரும். அப்படியும் புரியவில்லை.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எங்களிடமிருந்து யாரும் நிலத்தைப் பிடுங்கவில்லை, பிள்ளைகளைத் தூக்கிப் போகவில்லை. பூர்வகுடிப் பாடகர் ஆர்ச்சி ரோச் அப்படிச் சின்ன வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துப்போகப்பட்டவர், அதைத்தான் பாடினார். எங்களுக்கு நடந்தது வெறும் சோம்பேறித்தனம்.

அவர்களுக்கும் எல்லாம் நேராகிவிடவில்லை. பூர்வகுடிக் கலைஞர்களுக்கென்று 1995 முதல் நடந்துவந்த ‘டெட்லி’ விருதுகள், ஆஸ்திரேலிய மத்திய அரசு பணத்தை நிறுத்தியதும் 2014இல் நின்றுபோயின. மானியப் படிவத்தில் ‘இந்தத் திட்டத்தால் சமூகத்துக்கு என்ன பயன்’ என்ற கட்டத்தை நிரப்பிய அனுபவம் உள்ள சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கு அந்தச் செய்தி உறைக்கும். அடுத்த வருடமே பூர்வகுடி ராப்பர் பிரிக்ஸ் ‘பேட் ஆப்பிள்ஸ்’ என்று சொந்த இசை லேபிள் தொடங்கினார், அது வேறு கதை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். டிரம்மரின் மச்சான் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக் காட்டினோம். பாட்டு வேறு, பதிவு வேறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரியும் மெட்டும் ஓர் உரிமை, அவற்றை ஸ்டுடியோவில் பதிந்த மாஸ்டர் இன்னோர் உரிமை. நாங்கள் எழுதிக் கொடுத்தது மாஸ்டரை மட்டும்தான். பாட்டு இன்னும் எங்களுடையதுதானாம். அதை நாங்களே மறுபடி பதியலாம்.

“அப்ப வாசிக்கலாம்லண்ணே?” என்றான் பாடகன். அவனுக்கு இப்போது 44 வயது, குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஸ்கேலை ஒன்றரைக் கட்டை குறைத்துக்கொள்ளலாம் என்று கீபோர்டுக்காரர் சொல்கிறார்.

வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜாமிங் ஸ்டுடியோ புக் பண்ணியிருக்கிறோம். என் பேஸ் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. நேற்று பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து மாட்டியதும் முதலில் செய்த வேலை, பழைய சிடி ஒன்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் போட்டுக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் நான் தவறாக வாசித்திருக்கிறேன். 2006இலிருந்து யாருமே கவனிக்கவில்லை.