இட்லிக்கு விழுந்த சிமென்ட்

போன மாதம் காட்பாடியில் என் பல் கிளினிக்குக்கு ஒரு பூக்கார அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் மடித்திருந்த வெள்ளைத் துணுக்கை நீட்டினார். "நீ வெச்ச சிமென்ட்டும்மா. இட்லி தின்னும்போது வந்துடுச்சி." ஈறோரக் குழியில் நான் அடைத்து மூன்று வருடம்தான் ஆகிறது. முறுக்கு என்றாலாவது மனசு ஆறியிருக்கும்.

பல்லின் மேல்பூச்சான எனாமலில் ஒட்டுவது பெரிய வித்தையில்லை. எடையில் 96 சதவீதம் தாதுதான். அமிலம் தடவினால் சொரசொரப்பாகி, பசையைப் பிடித்துக்கொள்ளும். பல் ஆராய்ச்சியாளர் புவனகோர் 1955-லேயே இதைக் காட்டிவிட்டார். வம்பெல்லாம் அடியில் இருக்கும் டென்டினில். அமிலம் அங்கே தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் நார்வலை மட்டும் வெறுமனே நிற்கும். காற்றடித்து உலர்த்தினால் வலை படுத்துவிடும். ஈரம் மிஞ்சினால் பசை நீர்த்துப்போகும். எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் வலையின் அடிவரை பசை எட்டுவதில்லை. எட்டாத நாரை, டென்டினுக்குள்ளேயே தூங்கிக்கிடந்து அமிலம் பட்டு விழித்த என்சைம்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்னும்.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். பேரணாம்பட்டு டேனரியில் முப்பது வருடம் உழைத்தவர். கொலாஜன்னா இன்னாம்மா என்றார். தோலில் இருக்கிற அதே நார்தான்பா என்றேன்.

"அப்ப பதம் போடாம ஒட்டினா கெட்டுத்தான போவும்? பச்சைத் தோல் எத்தினி நாள் தாங்கும்? ஆவாரம்பட்டைத் தொட்டியில ஊறினாத்தான் அது தோலு."

ரசத்தில் வைத்த கை அப்படியே நின்றது. ஆராய்ச்சிக்காரர்களும் இந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தும் டேனின் வகையே திராட்சை விதையிலும் இருக்கிறது. அதன் சாற்றை டென்டினில் தடவினால் நார்களுக்கிடையே குறுக்குப் பிணைப்பு விழுந்து, வலை விறைப்பாகிறது, என்சைமுக்கும் சுலபத்தில் மசிவதில்லை. சிக்கல் என்னவென்றால், தோலைப் போலவே பல்லும் பழுப்பேறும். முன்பல்லில் செய்தால் பூக்கார அம்மா என்னைச் சும்மா விடுவாரா?

அதனால் இப்போதைக்குப் பழைய வழிதான். அமிலத்தை 15 வினாடியில் கழுவினேன். காற்றுக்குப் பதில் பஞ்சால் ஒற்றினேன். என்சைமை அடக்க 2 சதவீத குளோர்ஹெக்சிடின். அப்புறம் பசையை அவசரப்படாமல் தேய்த்து, கரைப்பான் பறக்கும்வரை இளங்காற்று, நீல விளக்கு. எச்சில் எட்டிப் பார்க்காமலிருக்க ரப்பர் துணி மாட்டியிருந்ததில் அந்த அம்மாவுக்குத்தான் ஒரே கோபம், வாயைத் திறந்துகொண்டு திட்டக்கூட முடியவில்லையாம்.