நான் முடித்துவைத்த வாக்கியம்

திக்கிப் பேசுகிற ஒரு பையனின் அப்பா காதில் அந்த ஹெட்செட்டை மாட்டியிருக்கக் கூடாது என்று தோன்றுகிற நாளும் உண்டு, மாட்டியதுதான் சரி என்று தோன்றுகிற நாளும் உண்டு. இன்றைக்கு முதல் வகை.

பையனுக்கு எட்டு வயது. அப்பாவுக்கு மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம். காது டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "காது நல்லாத்தேன் கேக்குதுங்கிறீங்க, நாக்கும் நல்லா இருக்குங்கிறீங்க. அப்புறம் எதுக்கும்மா திக்குறான்? வேணும்னே பண்றான்" என்றார். பையன் வாயைத் திறந்தாலே "நிதானமா சொல்லுடா" என்று அதட்டுகிறவர். பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் மூன்று தடவை வந்தார்கள், மூன்று தடவையும் இதே கேள்வி.

சரி, சொல்லிப் புரியாததைக் காட்டிவிடலாம் என்று ஹெட்செட்டை அவர் காதில் மாட்டி, போனில் இருந்த செயலியைத் திறந்தேன். பேசுகிறவர் குரலை 200 மில்லி விநாடி பிந்தி அவர் காதுக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். திக்காதவர்களே இதில் தடுமாறுவார்கள் என்பது 1950 வாக்கிலேயே தெரிந்த சங்கதி. "இன்னைக்கு மார்க்கெட் விலை சொல்லுங்கண்ணே" என்றேன். விடியற்காலையில் விலை கூவிப் பழகிய குரல், "மல்லி கிலோ" என்று கணீரென்று கிளம்பி, "மல்லீ... கிலோலோ" என்று இழுத்து, முல்லைக்கு வந்ததும் "மு... மு" என்று நின்றேவிட்டது. பையன் சிரித்துவிட்டான். நான் சொன்னேன்: "இப்படித்தாண்ணே உங்க பையனுக்குக் கேக்குது."

பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "எ... எ... எனக்கு அப்..." உதடு ஒட்டிக்கொண்டு 'ப்'பிலேயே நின்றான், கழுத்து நரம்பு புடைத்தது. "ஆமாடா தங்கம், உனக்கு அப்படித்தான்" என்று நானே முடித்துவைத்தேன்.

பிள்ளை எவ்வளவு நேரம் எடுத்தாலும் அது பேசுவதை நீங்கள் முடித்துவைக்காதீர்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் முதல் நாளே சொல்கிறவள் நான்.

இது போக, நான் சொன்னது உண்மையும் இல்லை. திக்குகிற பிள்ளைக்கு எதிரொலியெல்லாம் கேட்காது. பேசுவதற்கு முன்பே, இன்ன சத்தம் வரப்போகிறது என்று மூளை தன் கேட்கும் பகுதிக்குத் தகவல் சொல்லி, சொந்தக் குரலுக்கு அந்தப் பகுதி தரும் பதிலைக் குறைத்துவைக்கும். திக்குகிற பிள்ளைகளிடம் இந்தக் காது-நாக்கு கொடுக்கல் வாங்கலில் என்ன வித்தியாசம் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2011-ல் வந்த ஒரு கனடா ஆய்வில் அந்தக் குறைப்பு மற்ற பிள்ளைகளுக்கு இருப்பது போலவே இருந்தது, சத்தத்துக்கு மூளை தரும் முதல் பதில்தான் கொஞ்சம் பிந்தியது. அது கருவியில் தெரிகிற பிந்தல், பிள்ளைக்குக் காதில் விழுகிற பிந்தல் இல்லை. இதில் வேடிக்கை, அதே செயலியைத் திக்குகிறவர் காதில் மாட்டினால் பலருக்குப் பேச்சு சரளமாகும். ஆக நான் காட்டியதே தலைகீழ்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னேன்? பூ வியாபாரியிடம் கேட்கும் பகுதி, முதல் பதில் என்று பேசினால் புரியுமா என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் முல்லையில் அவர் நின்றபோது எனக்குள்ளே ஒரு திருப்தி வந்தது, அதை மறைத்துப் பிரயோசனமில்லை. மகன் எதிரே வைத்து அவரைப் பழிவாங்கினேனோ என்னவோ.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். வெளியே போய்ச் செருப்பு மாட்டும்போது பையன் என்னவோ கேட்க ஆரம்பித்தான், ரொம்ப நேரம் திக்கினான். அவர் ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி அவன் முடிக்கிற வரைக்கும் நின்றார். "நிதானமா" என்ற சொல் வரவில்லை. மூன்று தடவை உண்மையைச் சொல்லி நடக்காதது ஒரு பொய்யில் நடந்தது.

நாலாவது தடவை அவர்கள் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவமானமா, இல்லை இனி வர வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டாரா, தெரியாது.

ஃபைலில் என் கையெழுத்தில் "தந்தைக்கு விளக்கப்பட்டது" என்று இருக்கிறது. பையன் சொல்ல வந்ததை நான் எழுதவில்லை. 'எனக்கு அப்படிக் கேக்கல' என்று மறுக்க வந்தான் என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன். இப்போது அதிலும் சந்தேகம். 'அப்'புக்கு அப்புறம் 'படி'தான் வந்திருக்க வேண்டும் என்று இல்லையே, அப்பாவைப் பற்றிக்கூட ஏதாவது சொல்ல வந்திருக்கலாம்.