மனை என் பேருக்கு வந்தது: 1% பதிவுக் கட்டணச் சலுகை வாங்கிய அனுபவம்

தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்பதால் எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலம் எதையும் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. வழக்கமாக முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%; சலுகையில் இந்த 2% வெறும் 1% ஆகிறது. எங்கள் மனை 8 லட்சம். 72,000 ஆகவேண்டிய செலவு 64,000-த்தில் முடிந்தது.

அந்த எட்டாயிரம் எங்கள் வீட்டுக்குள் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான் கட்டிவந்த சீட்டுப் பணம், என் நகையை வைத்த கடன், மிச்சம் என் வீட்டுக்காரர் சேமிப்பு. அப்படியிருந்தும், "பையன் பேர்லயே போட்டுருங்க" என்றார் மாமனார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு, "சரி, ரெண்டு பேர் பேர்லயும் போடுங்க" என்று இறங்கிவந்தார். ஆனால் இந்தச் சலுகைக்கு வாங்குபவர்கள் எல்லோருமே பெண்களாக இருக்கவேண்டும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வாங்கலாம், அக்காவும் தங்கையும் வாங்கலாம். புருஷன் பேரும் சேர்ந்தால் கிடையாது. இதைச் சொன்னதும் மாமனார் ஒரு நிமிஷம் யோசித்தார். "எட்டாயிரத்த எதுக்கும்மா வீணா விடணும், உன் பேர்லயே இருக்கட்டும்." சமத்துவம் பேசியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்திருப்போம்!

எங்கள் அம்மாவுக்கு இப்படியெல்லாம் வாய்க்கவில்லை. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. ஆனால் 25.3.1989-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அம்மாவுக்கு அதற்கு முன்பே கல்யாணம். 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தபோது மாமாக்கள் பாகப்பிரிவினையைப் பதிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில், சொத்தின் மேல் என்னென்ன விற்பனை, அடமானம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று எடுங்கள். விற்பவரிடம் மூலப் பத்திரம் அசலாக இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பை, அதாவது அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பைப் பாருங்கள். பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். பெரிய மனையை இரண்டு துண்டாகப் பதிந்தால் சலுகை வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், அதற்கு வழியில்லை.

நாங்கள் போன ஆவண எழுத்தர் எடுத்தவுடன் 2% போட்டே கணக்குச் சொன்னார். சலுகையைக் கேட்டதும், "அதெல்லாம் பேப்பர்ல வர்ற செய்திம்மா" என்று சிரித்தார். செய்தியைக் காட்டி வாதாடவில்லை. "ஆன்லைன்ல என் பேரைப் போட்டு ஒருதடவை கணக்குப் பாருங்கண்ணே" என்றேன். திரையில் பதிவுக் கட்டணம் 16,000-க்குப் பதில் 8,000 என்று வந்தது. அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை.

வரைவு பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். ஆதாரில் இருக்கிற பேர், இனிஷியல் அப்படியே இருக்கவேண்டும். அப்பா பேர் இனிஷியலா, வீட்டுக்காரர் பேர் இனிஷியலா என்பதில்தான் பெண்கள் பத்திரங்களில் பிற்பாடு தலைவலி வருகிறது.

பதிவுக்கு டோக்கன் கிடைத்த நாளன்று அசல் ஆதாரோடு இரண்டு சாட்சிகளைக் கூட்டிப்போனோம். போட்டோ, கைரேகை. எனக்கு விரல் விழவேயில்லை, தையல் மிஷின் ஓட்டித் தேய்ந்த கை. ஈரத்துணியில் துடைத்து, விரலை மாற்றி மாற்றி வைத்த பிறகு விழுந்தது. சார்பதிவாளர் விற்றவரிடம் "பணம் முழுசா வந்திருச்சா?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

பத்திரம் கைக்கு வந்ததும் அக்கடா என்று இருந்துவிடாதீர்கள். எங்களுடையது பெரிய சர்வே எண்ணிலிருந்து பிரித்த மனை என்பதால், அளந்து தனி உட்பிரிவு எண் போட்டுத்தான் பட்டா. சர்வேயர் அளக்க வரும்போது நீங்களே போய் நில்லுங்கள். எங்கள் மனைக்கு வந்தவர் நேராக என் வீட்டுக்காரரிடம் போய், "ஓனர் நீங்கதானே சார், கையெழுத்துப் போடுங்க" என்றார். அவர் என் பக்கம் கையைக் காட்டினார். பட்டா ஏறியதும் இணையத்தில் நகல் எடுத்து, அதிலும் பேரைச் சரிபாருங்கள்.