பசை காயும் வரை பலகை எதன்மேல் கிடக்கிறது?

என் பட்டறைக்கு நான் முதலில் செய்த மேசையின் ஓரத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது தானாகவே உருண்டு நடுவுக்குப் போய் நின்றுவிடும். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகைகள் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்தவை) இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த மேற்பரப்பு அது. நல்ல பசையைத்தான் பூசியிருந்தேன்; கையில் இருந்த கிளாம்புகள் அத்தனையையும் போட்டு இறுக்கியும் இருந்தேன். ஆனால் இரண்டு முனைகளில் மட்டும் தாங்கு கட்டை வைத்து, நடுப்பகுதியை அந்தரத்தில் விட்டு ஒட்டியதால், ஈரப் பசையோடு பலகைகள் சற்றே தொய்ந்த நிலையிலேயே பசை காய்ந்து, ஏறக்குறைய 3 மி.மீ. குழிவு நிரந்தரமாகிவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். இரண்டு பலகைகளை ஒட்டாமல் அடுக்கி வைத்தால் விறைப்பு இரண்டு மடங்குதான் ஆகிறது. எடையும் இரண்டு மடங்காகிவிடுவதால் அவை ஒற்றைப் பலகை தொய்கிற அதே அளவுக்குத் தொய்யும். இடையில் பசை இறுகி, ஒன்றின்மேல் மற்றொன்று வழுக்க முடியாமல் போனதும், அதே ஜோடி ஒற்றைப் பலகையைவிட எட்டு மடங்கு விறைப்பான 36 மி.மீ. பலகையாகிவிடுகிறது. அதாவது, ஒட்டும் நேரத்தில் துணியைப் போல எதற்கும் வளைந்து கொடுக்கிற பொருள், பசை காய்ந்த பிறகு எதற்கும் வளையாது. அந்த ஒரு இரவு அது எதன்மேல் கிடந்ததோ, அதன் வடிவத்தையே ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டாவது மேசைக்கு, பசையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாக மட்டமான தளம் ஒன்றைத் தேடினேன். வளையாத பழைய ஃப்ளஷ் கதவு (இருமுகமும் தட்டையான கதவு) ஒன்று அகப்பட்டது. அதைத் தரையில் கட்டைகள் மீது கிடத்தி, நீளமான அலுமினியப் பெட்டிக் குழாய் ஒன்றை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, கீழே வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்து, கசிந்த இடங்களில் ஆப்பு வைத்துத் திருத்தினேன். முறுக்கைக் கண்டுபிடிக்க ரசமட்டத்தைவிடக் கண்ணே மேல். ஒரே உயரமுள்ள நேரான சட்டங்கள் இரண்டை இரு முனைகளிலும் நிறுத்தி, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றொன்றைப் பார்த்தால், அரை மி.மீ. சாய்வுகூடத் தப்பாது. இந்த வேலைக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

8-க்கு 4 அடிப் பலகை ஒன்றைக் குறுக்கே 1830 மி.மீ. நீளத்தில் அறுத்து, அதை நீளவாக்கில் இரண்டாக்கினால், ரம்பம் தின்றது போகத் தலா 608 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். மீந்த துண்டில் இரண்டு சிறு சதுரங்களை ஒட்டிச் சோதித்தேன். மறுநாள் ஒட்டுக்கோட்டில் உளியை வைத்துத் தட்டியபோது பசை விடவில்லை. பலகைதான் உள்ளே கிழிந்தது. பிளந்த முகங்கள் இரண்டிலும் பஞ்சுபோல் நார் சிலிர்த்து நின்றது. சாதாரண வெள்ளைப் பசையே பலகையின் உட்பகுதியைவிட வலுவானது என்பதால், அதைவிட வலுவான பசையைத் தேடி அலைவதில் பொருளில்லை. பாலியூரித்தேன் பசை நுரைத்து விரிவதால், இறுக்கம் போதாத இடங்களில் பலகைகளைப் பிரித்துவிடக்கூடும். ரப்பர் கலந்த ஒட்டுப்பசையோ காய்ந்த பிறகும் சற்று நெகிழ்வாகவே இருக்கும். அடுக்குகள் மெல்ல நழுவ இடம் கொடுப்பதால், மேலே சொன்ன எட்டு மடங்கு முழுமையாகக் கிடைக்காது. தவிரவும், தொட்டதுமே பிடித்துக்கொள்ளும் அந்தப் பசையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பலகையைச் சரிசெய்வது எனக்கு இயலாத காரியம்.

வெள்ளைப் பசையின் தொல்லை வேறு வகை. பூசிய பிறகு 5 முதல் 10 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் அதுவும் குறையும். போதாததற்கு, ஈரமாக இருக்கும்வரை மேல் பலகை பனிக்கட்டியில் நிற்பதுபோல் வழுக்கும். இதற்காகவே எல்லாத் திருகாணித் துளைகளையும் முன்கூட்டியே போட்டு, பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் முடுக்கிப் பார்த்துக் கழற்றி வைத்தேன். மேசையின் மேல்முகமாக வரப்போகும் பலகையைக் கதவின்மேல் குப்புறக் கிடத்தினால், திருகாணிகள் எல்லாம் பின்புறமிருந்தே இறங்கும். முகத்தில் வடு இருக்காது. 36 மி.மீ. தடிமனுக்கு 32 மி.மீ. திருகாணி, 20 செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசை. ஒட்டும்போது மேலே இருக்கும் பலகையில் திருகாணி தாராளமாக நுழையும் துளையும், கதவின்மேல் கிடக்கும் பலகையில் மெல்லிய துளையும் இருக்க வேண்டும். இரண்டிலும் மரை கடித்துக்கொண்டால் பலகைகளுக்கு நடுவே இடைவெளி அப்படியே நின்றுவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. எம்டிஎஃப் பலகையில் திருகாணி இறங்கும்போது துளையின் வாயைச் சுற்றி நார் மேலெழும்பி, எறும்புப் புற்றுபோல் ஒரு சிறு மேடு உண்டாகும். அந்த மேடு ஒட்டும் முகத்தில் இருந்தால், எவ்வளவு முடுக்கினாலும் பலகைகள் அந்த இடத்தில் சேரா. ஆகவே ஒவ்வொரு துளையின் வாயையும் ஒட்டும் முகத்தில் லேசாகக் குடைந்துவிட்டேன். புற்று எழுந்தாலும் அந்தக் குழிக்குள்ளேயே அடங்கிவிடும்.

பசையை ரோலரால் ஒரு முகத்தில் தாராளமாகவும் மறுமுகத்தில் மெல்லியதாகவும் உருட்டினேன். சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிராம் என்ற கணக்கில் இந்த மேசைக்கு ஏறத்தாழ 200 கிராம் செலவாயிற்று. பிதுங்கும் பசை கதவில் ஒட்டாதிருக்க அடியில் பிளாஸ்டிக் தாளை மடிப்பில்லாமல் விரித்திருந்தேன். எதிரெதிர் மூலைகளில் இரண்டு திருகாணிகளை அரைகுறையாக இறக்கி வழுக்கலை நிறுத்திய பிறகு, நடுவிலிருந்து வெளிப்புறமாக முடுக்கிக்கொண்டே வந்தேன். ஓரங்களிலிருந்து தொடங்கினால் காற்றும் மிகைப் பசையும் நடுவில் சிறைப்பட்டுவிடும். விளிம்புகளில் கிளாம்பு போட்டதும், சுற்றிலும் பசை முத்து முத்தாக இடைவெளி விடாமல் பிதுங்கியது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பசையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்த 100 கிராம் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. பலகைக்குள்தான் ஊற வேண்டும். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஈரம் இருபுறமும் சமமாக ஏறும், 18 மி.மீ. பலகைமேல் 6 மி.மீ. பலகையை ஒட்டினால், மெல்லியது முழுக்க ஊறி மொத்தமும் வளையக்கூடும். எனவே ஒரு மணி நேரத்தில் திருகாணிகளைக் கழற்றலாம் என்றாலும், நான் ஒரு நாள் முழுக்கக் கதவின்மேலேயே விட்டேன்.

கழற்றிய பிறகு நான்கு ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்து அறுத்தேன். அறுப்பில் பறக்கும் தூள் மாவைவிட மெல்லியது. பலகையைப் பிணைக்கும் ஃபார்மால்டிஹைடுப் பிசினும் அதில் கலந்திருப்பதால் முகமூடி இல்லாமல் அறுக்கக் கூடாது. விளிம்புகள் தண்ணீரை உறிஞ்சி உப்பும் என்பதால், நீர்த்த பசையை இரண்டு முறை பூசித் தேய்த்தேன். வார்னிஷ் மேல்முகத்துக்கு எத்தனை பூச்சோ அடிமுகத்துக்கும் அத்தனை.

ஏறக்குறைய 29 கிலோ எடையுள்ள அந்தப் பலகையை இருவராகத் தூக்கிக் கால்சட்டத்தின்மேல் வைத்ததும், முதலில் அலுமினியக் குழாயைத்தான் எடுத்தேன். ஒரே ஒரு மூலையில் மட்டும் அடியில் ஒரு காகிதத்தாள் நுழைந்தது. கதவை மறுபடி சோதித்தபோது அதே மூலையில் ஆப்பு ஒன்று நழுவியிருந்தது.