நெக்ஸ்டைக் கைவிட உதவும் நிரலகத்தை டெபியன் பொதியாக்கிய அனுபவம்

கேட்டலிஸ்ட் என்னும் வலைச் சட்டகத்தில், பெர்ல் மொழியில் எழுதப்பட்ட பழைய செயலி ஒன்றைப் பராமரித்துவந்த காலத்தில், ‘கிளாஸ்::சி3::அடாப்ட்::நெக்ஸ்ட்’ என்னும் சிறிய நிரலகத்தை டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவத்தக்க பொதியாக்க முன்வந்தேன். அந்தச் செயலியின் வகுப்புகள் தாய் வகுப்புகளில் அதே பெயரில் உள்ள அடுத்த மெத்தடை (வகுப்புக்குள் எழுதப்படும் செயற்கூறை) அழைப்பதற்கு, டேமியன் கான்வே எழுதிய ‘நெக்ஸ்ட்’ தொகுதியையே நம்பியிருந்தன.

இரண்டு தாய் வகுப்புகளுக்கும் மூதாதை ஒன்றாகவே இருக்கும்போது, நெக்ஸ்ட் ஒரு கிளையின் அடிவரை சென்றபிறகே மறு கிளைக்கு வருவதால், பொது மூதாதையின் மெத்தட் இரண்டாம் தாயை முந்திவிடும். மெத்தடுக்காக வகுப்புகளைத் தேடும் மற்றொரு ஒழுங்கான சி3 வரிசையில் தாய் வகுப்புகள் இரண்டும் முடிந்த பின்னரே மூதாதையின் முறை வரும்; 2007 டிசம்பரில் வெளியான பெர்ல் 5.10 முதல் இந்த வரிசை மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது. நிரலெங்கும் பரவிக் கிடக்கும் நெக்ஸ்ட் அழைப்புகளை ஒரே நாளில் மாற்ற இயலாது என்பதால், இந்நிரலகம் அவற்றை அப்படியே ஏற்று, சி3 வரிசைக்குத் திருப்பிவிடுகிறது. நெக்ஸ்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமுறை எச்சரிக்கை தருகிறது; வரிசை முரண்படும் இடத்தில் பழைய நடத்தைக்கே திரும்புகிறது. பழைய நிரலைப் பராமரிப்பவரின் நெருக்கடியை இவ்வளவு கனிவோடு புரிந்துகொண்ட நிரலகங்களை நான் அதிகம் கண்டதில்லை.

டெபியன் வழக்கப்படி பொதியாக்கும் விருப்பத்தை வழு அறிக்கையாகப் பதிந்துவிட்டு, பெர்ல் நிரலகங்களைப் பொதியாக்க உதவும் ‘டிஎச்-மேக்-பெர்ல்’ கருவியை இயக்கியதும் அடிப்படைக் கோப்புகள் உருவாகிவிட்டன. பொதியின் விளக்கத்தை எழுதுவதில்தான் நெடுநேரம் நின்றேன். மூல ஆசிரியர்களின் ஒருவரி விளக்கம், நெக்ஸ்டின் தொல்லையைக் குறைப்பது என்ற பொருளில் கொச்சையான ஆங்கிலத்தில் இருந்தது. கருவி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நெக்ஸ்டை அறியாதவர் அதைப் படித்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே, சி3 வரிசையைக் கொண்டு நெக்ஸ்டின் இடத்தை நிரப்புவது என்று எழுதி, படிப்படியாக மாறுவதற்கான துணை இது என்பதையும் நீள்விளக்கத்தில் சேர்த்தேன்.

உரிமக் கோப்பும் பொறுமையைக் கேட்டது. பெர்லுக்கு உரிய அதே நிபந்தனைகள் என்று மூலத்தில் இருந்ததை, ஆர்ட்டிஸ்டிக் உரிமம் அல்லது ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் முதற்பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் எனப் பிரித்தெழுத வேண்டியிருந்தது.

என் கணினியில் தேறிய சோதனைகள், எதுவும் நிறுவப்படாத தூய சூழலில் கட்டியபோது தோற்றன. சோதனைகளுக்குத் தேவையான ‘டெஸ்ட்::எக்செப்ஷன்’ தொகுதி என்னிடம் ஏற்கெனவே இருந்ததால், அதைக் கட்டுமானச் சார்புகளில் (பொதியைக் கட்டத் தேவையானவற்றின் பட்டியலில்) குறிப்பிட மறந்திருந்தேன். அதைச் சேர்த்த பின், பொதிகளில் குறை தேடும் கருவியான லிண்டியனும் குறை எதுவும் சொல்லவில்லை. புதிய பொதிகளின் வரிசையில் காத்திருந்தது தவிர, அதன் பிறகு எனக்கு வேலை இருக்கவில்லை.

பொதியை நிறுவிச் செயலியை இயக்கியபோது, எச்சரிக்கைகளே மாற்ற வேண்டிய வகுப்புகளின் பட்டியலாக அமைந்தன. அழைக்க அடுத்த மெத்தட் இல்லையெனில் நெக்ஸ்ட் மௌனமாக இருந்துவிடும், சி3 வரிசைக்குரிய அழைப்பான ‘நெக்ஸ்ட்::மெத்தட்’ பிழை எழுப்பும். ஆகையால் அத்தகைய இடங்களில் மட்டும் பிழை எழுப்பாத ‘மேபி::நெக்ஸ்ட்::மெத்தட்’ என எழுதி, வகுப்பு வகுப்பாக மாற்றிக்கொண்டு வந்தோம்.