ஐந்தாவது எழுத்து

மே மாதக் கடைசியில் எங்கள் ஆபீசில் ஃபேனைக் குறைத்துத்தான் வைப்போம். மேசை முழுக்க ஃபார்ம் 16 தாள்கள். சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடித்தார்கள் என்று தொழிலாளிக்கு முதலாளி தரும் சான்று அது.

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன். மணலி, திருவொற்றியூர் பக்கத்துப் பட்டறைகளும் லாரி கம்பெனிகளும்தான் எங்களிடம் வருகிறவர்கள். யார் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடித்தது என்று அரசுக்குச் சொல்லும் 24கியூ ரிட்டர்னை, நான்காம் காலாண்டுக்கு மே 31-க்குள் போட வேண்டும். ஜூன் 15-க்குள் ஃபார்ம் தொழிலாளி கைக்குப் போக வேண்டும். ரிட்டர்ன் பிராசஸ் ஆகவே சில நாள் போய்விடும். அப்புறம் வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து ஃபார்மை இறக்கி, பிரித்து, பிரிண்ட் எடுத்து, முதலாளி கையெழுத்து வாங்கி முடிக்க மிச்சமிருப்பது சொற்ப நாள்.

சேர்ந்த புதிதில் இதை வெறும் பிரிண்ட் வேலை என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் ஒரு வெல்டர். வீட்டுக் கடனுக்காக பேங்கில் ஃபார்ம் கேட்டிருக்கிறார்கள். "ஏம்மா, மாசாமாசம் சம்பளத்துல புடிச்சாங்களே, அந்தக் காசு எங்க போச்சு?" என்று வந்து நின்றார். அவர் பான் எண்ணில் எவ்வளவு வரி சேர்ந்திருக்கிறது என்று காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில், அவரிடம் பிடித்த அந்தத் தொகை இல்லை.

அந்தப் பட்டறையில் அதே பெயரில் இன்னொருவரும் இருந்தார், தலைப்பெழுத்து மட்டும் வேறு. பட்டியலை டைப் செய்தபோது இருவரின் பான் எண்ணையும் நான் மாற்றிப் போட்டிருந்தேன். இரண்டுமே செல்லுபடியாகும் எண்கள் என்பதால் ரிட்டர்ன் தடையில்லாமல் ஏறிவிட்டது. ஒருவர் கட்டிய வரி மற்றவர் கணக்கில் உட்கார்ந்துவிட்டது. திருத்த ரிட்டர்ன் போட்டுச் சரிசெய்யும் வரை அவருடைய கடன் நகரவில்லை. பல வருடம் ஆகியும் அவர் கேட்ட தொனி என் காதைவிட்டுப் போகவில்லை.

பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தான் எழுதுகிறோம். அதனால் தலைப்பெழுத்தும் ஐந்தாவது எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்க்கிறேன். ஒத்துவராவிட்டால் பான் கார்டு நகலைக் கேட்கிறேன்.

சில முதலாளிகள், "மெதுவா ஜூலைல குடுத்துக்கலாம்" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். அது தொழிலாளியின் உழைப்பில் பிடித்த பணத்துக்கான ரசீது. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று சட்டமே சொல்கிறது. ஃபார்மின் பகுதி ஏ-யில் காலாண்டுவாரியாகப் பிடித்தது எவ்வளவு, அரசுக்குக் கட்டியது எவ்வளவு என்று இருக்கும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அங்கே தெரிந்துவிடும். அதைப் படித்துப் பார்க்கிற உரிமை அவனுக்கு இருக்கிறது.

மெயிலில் அனுப்பினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் போதாது. ரேஷன் கார்டு, பாஸ்புக் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் இதையும் பத்திரப்படுத்துகிறவர்கள் இங்கே நிறைய.

இந்த ஜூனிலும் அந்த இரண்டு பேருடைய ஃபார்மும் அடுத்தடுத்துத்தான் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தாவது எழுத்தைப் பார்த்த பிறகே ஸ்டேப்ளரை எடுத்தேன்.